காந்தம் இழுக்காது, பழைய ஒவ்வாமையை மறைக்காதீர்கள்

தந்தைக்கு இரும்பூசி ஏற்றினால், முதுகுக்கு எடுக்கவிருக்கும் எம்.ஆர்.ஐ.யின் காந்தமோ, கைப்பேசியோ, குளிர்பதனப் பெட்டிக் கதவின் காந்தமோ அந்த இரும்பை இழுத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் உங்கள் தந்தையின் இரத்தத்திலிருந்து இரும்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடாது. சிறுநீரக நோயால் வந்த இரத்தசோகைக்காக நியூ ஜெர்சியில் அடுத்த வாரம் அவருக்கு நரம்பு வழியே ஏற்றவிருக்கும் ஃபெருமாக்சிட்டால் என்ற இரும்பு மருந்து, சர்க்கரைவகைப் பூச்சுக்குள் பொதிந்த இரும்பு ஆக்சைடு நானோ துகள்களால் ஆனது. உட்கரு ஏறத்தாழ 7 நானோமீட்டர் அளவே உள்ள அத்துகள்கள், வெளியே காந்தப்புலம் இருக்கும்வரை காந்தத்தன்மை கொண்டு, புலம் விலகியதும் அதை இழந்துவிடும். எம்.ஆர்.ஐ. படம் தெளிவாகத் தெரிய வழக்கமாகச் செலுத்தும் கடோலினியம் என்ற மருந்தைச் சிறுநீரக நோயாளிகளுக்குச் செலுத்தத் தயங்கும் கதிரியக்க மருத்துவர்கள் சிலர், ஃபெருமாக்சிட்டாலைச் செலுத்தித்தான் எம்.ஆர்.ஐ. படமே எடுக்கிறார்கள். கைப்பேசி, குளிர்பதனப் பெட்டிக் கதவு பற்றிய கேள்விகளுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

என்னை நிறுத்தியது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஊரில் இரும்பூசி ஏற்றியபோது அவருக்கு உடம்பெல்லாம் தடித்து மயக்கம் வந்ததென்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நரம்பு வழியே ஏற்றிய எந்த இரும்பு மருந்துக்கும் முன்பு ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு ஃபெருமாக்சிட்டால் கொடுக்கக் கூடாது. 2009இல் அனுமதி பெற்ற இம்மருந்தின் உறைமேல், உயிரைப் பறித்த ஒவ்வாமை நிகழ்வுகளுக்குப் பிறகு, 2015இல் அமெரிக்க அரசு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. குறைந்தது 15 நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டும், முடிந்தபின் 30 நிமிடம் கண்காணிக்க வேண்டும் என்பதெல்லாம் அதனால்தான். ஆகவே பழைய மருத்துவச் சீட்டைத் தேடி, அன்று எந்த மருந்து ஏற்றினார்கள் என்பதை அறிந்து, இன்றே அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் சொல்லுங்கள்; மாற்று வழியை அவர் தீர்மானிக்கட்டும்.

வீட்டிலேயே அலர்ஜி மாத்திரை போட்டுவிட்டு அழைத்துப் போகலாமா என்ற யோசனையைக் கைவிடுங்கள். அம்மாத்திரை இந்த ஆபத்தைத் தடுக்கும் என்று நம்ப முடியாது; அது தரும் தூக்கமும் இரத்த அழுத்தச் சரிவும் ஒவ்வாமையைப் போலவே தோன்றிச் செவிலியரைக் குழப்பும். காணொளியில் பார்த்து வாங்கிய ‘நானோ நச்சு நீக்கி’ சொட்டு மருந்து குப்பைக்குப் போகட்டும். இரத்தசோகைக்காரரின் உடலிலிருந்து இரும்பை வெளியேற்றப் புறப்படுவது என்ன வைத்தியமோ, எனக்கு விளங்கவில்லை.

முதுகுக்கான எம்.ஆர்.ஐ.யை, எந்த இரும்பூசி என்பது முடிவாகும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஃபெருமாக்சிட்டால் ஏற்றியவருக்கு மூன்று மாதம் வரை படம் மாறித் தெரியலாம் என்பதால், பின்னர் எடுக்க நேர்ந்தால் ஊசி போட்ட தேதியைக் கதிரியக்கப் பிரிவில் கட்டாயம் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் இந்தக் கவலை இல்லை.