வெட்சித் தளிர் ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: அல்சூரில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி மூன்று ஆண்டுகளுக்கு முன் நான்கு இட்லிப்பூச் (வெட்சி) செடிகளை நட்டோம். முதலாண்டில் கொத்துக் கொத்தாகப் பூத்தவை, இப்போது தளிர் மஞ்சளித்துப் பூவும் சிறுத்துவிட்டன. உரம் வைத்தும் பயனில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறோம். இது என்ன நோய்?
- வாசகி, பெங்களூரு

பதில்: இது நோயாகத் தெரியவில்லை, சுண்ணாம்பின் வேலையாகவே தெரிகிறது. தளிரிலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் பச்சைக் கோடுகளாக நிற்க, இடைப்பட்ட பகுதி மட்டும் எலுமிச்சை நிறமாக வெளுத்திருந்தால், செடிக்கு இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். தழைச்சத்துக் குறைவாக இருந்தால் அடியிலைகள்தாம் முதலில் பழுக்கும்.

பெங்களூரின் செம்மண்ணுக்கு அந்தச் சிவப்பைத் தருவதே இரும்புதான் என்னும்போது, குறை மண்ணில் இல்லை. வெட்சி சற்றுப் புளிப்பான மண்ணை, அதாவது பி.எச். அளவு 5 முதல் 6 வரை உள்ள மண்ணை, விரும்பும் செடி. சுவரின் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பும், கடினமான கிணற்று நீரிலுள்ள உப்புகளும் சேர்ந்து மண்ணைக் காரமாக்கும்போது, அதிலுள்ள இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறி வேருக்குக் கிட்டாமல் போகிறது. முதலாண்டில் வேர்கள் நர்சரிப் பையின் மண்ணுக்குள்ளேயே இருந்ததால் செடி தப்பித்திருக்கும். இந்த நிலையில் மேலும் மேலும் உரம் வைப்பது, தயவுசெய்து செய்ய வேண்டாத ஒன்று.

உடனடிப் பலனுக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் ஃபெரஸ் சல்பேட்டும் (பழைய தலைமுறை இதனை அன்னபேதி என்னும்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளில் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். சுவரில் பட்டால் துருக்கறை படியும் என்பதால் கவனமாகத் தெளிக்க வேண்டும். கார மண்ணில் ஊற்றினால் இந்த இரும்பும் விரைவில் வீணாகிவிடும். மண்ணுக்கென்றால் உரக்கடையில் கிடைக்கும் செலேட் வகை இரும்பே (எளிதில் கரையாத வடிவத்துக்கு மாறாதபடி பிணைக்கப்பட்டது) நல்லது. நிலையான தீர்வு, மழைக்காலத் தொடக்கத்தில் செடிகளை வேர்மண்ணோடு எடுத்து, சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்த குழியில் நடுவதுதான். மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து ஊற்றினால் இன்னும் நல்லது.

கேள்வி: நாட்டு இட்லிப்பூவுக்கும் நர்சரிகளில் விற்கும் மினி இக்ஸோராவுக்கும் என்ன வேறுபாடு? எதனை வாங்கலாம்?
- வாசகர், ஜெயநகர்

பதில்: நாட்டுச் செடி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது, மலையாளத்தில் தெச்சி, கன்னடத்தில் கேப்பள. ஆநிரை கவரச் சென்ற வீரர் சூடியதனால் ஒரு புறத்திணைக்கே பெயர் கொடுத்த வெட்சி இதுதான். காம்பில்லாத அகன்ற இலை தண்டை ஒட்டியே இருக்கும். வளரவிட்டால் ஆளுயரத்தைத் தாண்டும். பூவின் நீண்ட குழலிலிருந்து சூலகத் தண்டை மெல்ல உருவினால் நுனியில் ஒரு துளித் தேன் நிற்கும், சிறு வயதில் அதைச் சுவைக்காதவர் நம்மில் குறைவு. அந்தத் துளிக்காகத்தான் பட்டாம்பூச்சிகளும் வருகின்றன.

மினி வகைகள் சிற்றிலையும் நெருக்கமான கிளைகளும் கொண்டு இரண்டு மூன்றடியில் நின்றுவிடும். சிவப்பு, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனப் பல நிறங்களில் கிடைக்கின்றன. பால்கனித் தொட்டிக்கு இவை பொருத்தமானவை. தரையில் இடமிருந்தால் நான் நாட்டு வெட்சியையே சொல்வேன், அதன் பூக்கொத்துக்கு ஈடான சிவப்பு இந்த வகைகளில் இல்லை. எதை வைத்தாலும் நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் தேவை. மொட்டுகள் கிளை நுனியில்தான் வருமாதலால், வேலியைப் போல ஓயாமல் கத்தரிக்காமல், ஒரு பூப்பு முடிந்தபின் மட்டும் நுனியை வெட்டுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் வளர்ச்சி மந்தப்படும். அப்போது உரம் வேண்டாம், நீரையும் குறைத்துக்கொள்ளுங்கள்.