பசுமை வளையம்: லாபம் யாருக்கு, செலவு யார் தலையில்?

கேள்வி: நகரைச் சுற்றிப் பசுமை வளையம் என்று நிலத்தை ஒதுக்கி, அங்கே கட்டுமானத்துக்குத் தடை போட்டால் வீட்டு விலை ஏறுமா?

பதில்: பெரும்பாலும் ஏறும். ஆனால் அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, பக்கத்தில் பசுமை இருப்பதற்காக மக்கள் மனமுவந்து தரும் கூடுதல் பணம். அமெரிக்காவின் போல்டர் நகரைப் பற்றி 1978-இல் வெளியான ஆய்வில், 3,200 அடி வரை, வளையத்திலிருந்து ஓரடி விலக விலக வீட்டு விலை சராசரியாக 4.20 டாலர் குறைந்தது. இது நன்மைக் கணக்கு. மற்றொன்று, கட்ட இடமில்லாமல் ஊர் முழுக்க விலை ஏறுவது. அது வாடகைக்காரரிடமிருந்து வீட்டுக்காரருக்குக் கைமாறும் பணம். நன்மையில் சேர்க்கக் கூடாது. வளையத்துக்குத் தொலைவிலும் அதே வேகத்தில் விலை ஏறினால் இந்த இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: வெள்ளத் தடுப்புக்கு எப்படி விலை போடுவது?

பதில்: ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை என்றால் 500 கனமீட்டர் நீர். அதில் வழிந்தோடும் பங்கு கான்கிரீட் தரையில் சுமார் 0.9, நல்ல புல்தரையில் சுமார் 0.2. ஆக 450-க்குப் பதில் 100. மிச்சம் 350 கனமீட்டர். அவ்வளவு நீரைத் தேக்கும் தொட்டி கட்ட என்ன செலவாகுமோ, அதுதான் நன்மையின் மதிப்பு. சறுக்குவது இங்கேதான்: களிமண்ணுக்கும், மாடு மிதித்து இறுகிய மேய்ச்சல் நிலத்துக்கும் அதே 0.2-ஐப் போட்டுவிடுவார்கள். இன்னொன்று, வளையத்தின் எந்தப் பகுதி நகருக்கு மேட்டுப் பக்கம் என்று பாருங்கள். தாழ்வான பக்கத்துப் பசுமைக்கு நீர் வருவதே நகரைக் கடந்த பிறகுதான். அதை நகரின் வெள்ளக் கணக்கில் எழுதுவது வெறும் அலங்காரம்.

கேள்வி: ஊர் வளையத்தைத் தாண்டிக் குதித்துவிட்டால்?

பதில்: கனடாவின் ஓட்டாவாவில் அதுதான் நடந்தது. சுமார் 20,000 ஹெக்டேர் வளையத்துக்கு அப்பால் கனாட்டா, பார்ஹேவன் போன்ற புறநகர்கள் வளர்ந்தன. குடிநீர்க் குழாயும் பேருந்துத் தடமும் இடையில் இணைப்போ பயணியோ கிடைக்காத பல கிலோமீட்டரைக் கடக்க வேண்டும். அந்தச் செலவும் பயண நேரமும் இல்லாத கணக்கை நம்பாதீர்கள்.

கேள்வி: நிலக்காரருக்கு இழப்பீடு உண்டா?

பதில்: ஊருக்கு ஊர் வேறு. ஓட்டாவாவில் கனடாவின் கூட்டரசே நிலத்தை வாங்கியது. போல்டர் 1967-இல் 0.4% விற்பனை வரி போட்டு வாங்கத் தொடங்கியது. தென்கொரியா 1971 முதல் தடை மட்டும் விதித்தது. தாங்க முடியாத சுமை விழுந்தவர்களுக்கும் இழப்பீடு இல்லாதது அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று 1998-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. வளையத்து நிலக்காரர் தம் கட்டும் உரிமையை நகருக்குள் கட்டுவோருக்கு விற்க விடுவது இன்னொரு வழி. ஆனால் நகருக்குள் ஏற்கெனவே தாராளமாக மாடி எழுப்ப அனுமதி இருந்தால் அந்த உரிமையை வாங்க ஆள் வராது.

கேள்வி: ஒரே திட்டத்துக்கு இரண்டு அறிக்கைகள், ஒன்றில் லாபம், ஒன்றில் நஷ்டம். எப்படி?

பதில்: முதலில் தள்ளுபடி வீதத்தைப் பாருங்கள், அதாவது பின்னாளில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு குறைக்கிறார்கள் என்று. 50 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 3% வீதத்தில் சுமார் 23 ரூபாய், 7% வீதத்தில் மூன்றரை ரூபாய்கூட இல்லை. அடுத்து, வீட்டு விலை உயர்வையும் காற்று, காட்சி நன்மைகளையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால், விலையிலேயே அடங்கிவிட்ட ஒரே நன்மையை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்கள்.