வாசகர் கேள்வி – பதில்: கடையில் கிடைக்காத விளையாட்டுகள்

கேள்வி: 1991ஆம் ஆண்டு லண்டனில் என் அண்ணாவுக்குப் பிறந்தநாள் பரிசாக 'ஹீரோகுவெஸ்ட்' என்ற பலகை விளையாட்டு கிடைத்தது. அண்ணாதான் அரக்கர்களை நடத்துவார். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வீரர்கள். வீடு மாறியபோது பெட்டி தொலைந்துவிட்டது. அதைத் தயாரிப்பதை ஏன் நிறுத்தினார்கள்? பழைய பெட்டியைத் தேடி வாங்குவதா, புதிய பதிப்பை வாங்குவதா?
– வாசகி, ஹாரோ

பதில்: உங்கள் அண்ணா செய்த வேலையில்தான் அந்த விளையாட்டின் உயிர் இருந்தது. ஆட்டம் தொடங்கும்போது பலகையில் வெறும் அறைகளும் நடைபாதைகளும் மட்டுமே தெரியும். மறைப்பு அட்டைக்குப் பின்னால் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வீரர்கள் ஒரு கதவைத் திறந்த பிறகே அந்த அறைக்குள் இருக்கும் மேசை, புத்தக அலமாரி, கல்லறை, எலும்புக்கூடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்பது எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தில் தெரிகிறதா என்று பார்த்தபடியே ஆடிய விளையாட்டு அது. முப்பது ஆண்டுகள் கழித்தும் அது உங்களுக்கு மறக்காததில் எனக்கு வியப்பில்லை.

ஸ்டீபன் பேக்கர் வடிவமைத்த இந்த விளையாட்டை மில்டன் பிராட்லி நிறுவனமும், நாட்டிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனமும் சேர்ந்து 1989இல் வெளியிட்டன. முதல் நிறுவனத்துக்குப் பெரிய கடைகளில் பெட்டிகளை அடுக்கி விற்கும் வலிமை இருந்தது. இரண்டாவது நிறுவனம் 'வார்ஹேமர்' என்ற தன் பொம்மைப்படைப் போர் விளையாட்டின் கற்பனை உலகத்தையும் அதன் அரக்கர்களையும் கொண்டுவந்தது. விளையாட்டின் சிறப்புக்குக் காரணமான இந்தக் கூட்டே பின்னாளில் அதற்குத் தடையாகவும் ஆயிற்று. 1990களில் கூட்டு முடிவுக்கு வந்தபின், ஒருவருக்குச் சொந்தமான பகுதியை விட்டுவிட்டு மற்றவர் அதே பெட்டியை மறுபடி அச்சிட வழியில்லாமல் போனது. போதாக்குறைக்கு 'ஹீரோகுவெஸ்ட்' என்ற பெயரின் வணிகக்குறி கைமாறி, முற்றிலும் வேறான ஒரு கதையாடல் விளையாட்டின் பெயராகச் சில காலம் இருந்தது. ஆடுவதற்கு ஆள் இல்லாமல் நின்றுபோன விளையாட்டுகள் உண்டு. இது உரிமைச் சிக்கலால் முடங்கிக் கிடந்த விளையாட்டு.

மில்டன் பிராட்லியை 1984லேயே வாங்கியிருந்த ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2020இல் அந்தப் பெயரைத் திரும்பப் பெற்று, ரசிகர்களிடம் முன்பணம் திரட்டி, அவலோன் ஹில் என்ற தன் பிரிவின் வழியே புதிய பதிப்பைக் கொண்டுவந்தது. பழைய பதினான்கு சாகசங்களும் அதில் இருக்கின்றன. ஆயினும் பெட்டியைத் திறந்ததும் சில இடங்களில் உங்கள் மனம் இடறும். 'ஃபிமிர்' என்ற ஒற்றைக்கண் பூதம் வார்ஹேமர் உலகத்துக்கு உரியது என்பதால், அதன் இடத்தில் மீனைப் போன்ற வேறொரு பூதம் நிற்கிறது. 'கேயாஸ்' என்று தொடங்கிய பெயர்கள் 'டிரெட்' என்று மாறியிருக்கின்றன. அதைவிட முக்கியமாக, புதிய பதிப்பு அமெரிக்க விதிகளைப் பின்பற்றுகிறது. நீங்கள் ஆடிய பிரிட்டிஷ் பதிப்பில் எந்த அரக்கனும் ஒரே காயத்தில் விழுந்துவிடுவான். அமெரிக்க விதியில் வலிய அரக்கர்களுக்கு இரண்டு மூன்று அடிகள் தேவைப்படும். உங்கள் அண்ணா நடத்திய தீய மந்திரவாதி மார்காரும் இதில் சார்கான் என்ற பெயரில்தான் வருவான்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட வேண்டும் என்பதே உங்கள் விருப்பமானால் புதிய பதிப்பை வாங்குங்கள் என்பேன். லெஸ் எட்வர்ட்ஸ் வரைந்த அந்த மேலட்டையை மீண்டும் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றால் பழையதைத் தேடலாம், அதிலும் தவறில்லை. பணம் கொடுப்பதற்கு முன், மேசை அலமாரிகளின் மேல் செருகும் குட்டி எலிகளும் மண்டையோடுகளும் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் தொலைபவை அவைதாம்.

கேள்வி: நாட்டிங்ஹாமில் படித்த காலத்தில் 'வார்ஹேமர்' எலி மனிதர் படை ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு பொம்மைக்கும் நானே வண்ணம் தீட்டினேன். 2015இல் அந்த விளையாட்டையே நிறுத்திவிட்டார்கள். சென்னையில் என் அலமாரியில் படை தூங்குகிறது. இனி இது வெறும் காட்சிப்பொருள்தானா?
– வாசகர், சென்னை

பதில்: இல்லை. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. 1983 முதல் வளர்ந்த ஒரு கற்பனை உலகத்தைக் கதையிலேயே அழித்து, பொம்மைகள் நிற்கும் சதுர அடித்தட்டுகளுக்குப் பதில் வட்ட அடித்தட்டுகள் கொண்ட வேறொரு விளையாட்டை அதன் இடத்தில் வைத்தது, ஆண்டுக்கணக்கில் தூரிகையோடு உட்கார்ந்தவர்களைப் புண்படுத்திய செயல்தான். ஆனால் ரசிகர்கள் அந்த ஆண்டே கூடி 'நைன்த் ஏஜ்' என்ற பெயரில் தாங்களே விதிகளை எழுதத் தொடங்கினார்கள். வார்ஹேமரை வெளியிட்ட கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனத்தின் 'பிளட் பவுல்' விளையாட்டும் கடைகளில் இல்லாத ஆண்டுகளில் ரசிகர் சங்கம் நடத்திய போட்டிகளால் உயிரோடு இருந்து, 2016இல் புதிய பெட்டியாகத் திரும்பியது.

உங்கள் படைக்கும் நல்ல செய்தி உண்டு. 2024 ஜனவரியில் அந்த நிறுவனமே 'தி ஓல்டு வேர்ல்டு' என்ற பெயரில் பழைய உலகத்தை, சதுர அடித்தட்டுகளோடு, மீட்டுக் கொண்டுவந்தது. எலி மனிதர்கள் அதன் முதன்மைப் படைகளுள் இல்லை. எனினும் அவர்களுக்கான படைப் பட்டியலை இலவசமாகத் தரவிறக்கும்படி வெளியிட்டார்கள். அடித்தட்டின் அளவுகள் சில மாறியிருப்பதால், பசையைக் கையில் எடுக்குமுன் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். எதிரே ஆட ஒருவர் கிடைத்தால் இந்த வாரமே படையை இறக்கலாம்.

கேள்வி: என்னிடம் ஹீரோகுவெஸ்ட் பெட்டி இருக்கிறது, சண்டைப் பகடைகள் மட்டும் இல்லை. என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: அந்தப் பகடையின் ஆறு பக்கங்களில் மூன்றில் மண்டையோடும், இரண்டில் வெள்ளைக் கேடயமும், ஒன்றில் கருங்கேடயமும் இருக்கும். ஆகவே சாதாரணப் பகடையே போதும்: ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தால் அடி, நான்கும் ஐந்தும் வீரனின் கேடயம், ஆறு அரக்கனின் கேடயம்.