கல்யாணத்துக்கு முன்னாடி மறுபடி ஷேக் குடிக்கணுமா?

களியக்காவிளை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி, வயசு 36, கேட்டிருக்காங்க: வெல்னஸ் சென்டர்ல சோத்துக்கு பதிலா பவுடர் கலக்கி குடுக்குற ஷேக் குடிச்சு ரெண்டு மாசத்துல 6 கிலோ கொறஞ்சேன், விட்டதும் 8 கிலோ ஏறிட்டு, ஆவணில பாறசாலையில நாத்தனார் கல்யாணம், போனா எல்லாரும் தடிச்சுட்டேன்னு சொல்லுவாங்க, மறுபடி சேரட்டுமா, எனக்கு வாய்க்கட்டுப்பாடே இல்லையா?

சேராதீங்கம்மா. முதல் வாரத்துல சடசடன்னு எறங்குறதுல பெரும்பகுதி தண்ணிதான், உடம்பு சேத்து வச்சிருக்கிற மாவுச்சத்து கிராமுக்கு சுமார் 3 கிராம் தண்ணிய பிடிச்சு வச்சிருக்கும், அது கரைஞ்சா தண்ணியும் போயிரும், சோறு தின்னா திரும்ப வரும். அரைப்பட்டினி கிடந்தா உடம்பு செலவ சுருக்கி பசிய கூட்டிரும். 1944-45ல அமெரிக்காவுல மினசோட்டாவுல 36 ஆரோக்கியமான ஆம்பிளைங்கள அரைப்பட்டினி போட்டு பாத்தாங்க, அவங்களும் எந்நேரமும் சாப்பாட்டு நெனப்பாவே கிடந்தாங்க. அப்புறம் உங்கள மட்டும் ஏன் குத்தம் சொல்றீங்க?

அந்த சென்டர்ல மெஷின்ல ஏத்தி 'உங்க உடம்புக்கு வயசு 52'ன்னு காட்டியிருப்பாங்களே, அது கால் வழியா லேசா கரண்ட் விட்டு போடுற கணக்கு, தண்ணி குடிச்சா குடிக்காட்டி நம்பர் மாறும். பயந்த நேரம் பாத்து டப்பாவ நீட்டுவாங்க, அடுத்து 'நாலு பேர சேத்துவிடுங்க, நீங்களும் கோச் ஆகலாம்'னு வருவாங்க. கோச்சுக்கு கமிஷன், உங்களுக்கு கடன். டப்பாவுல இருக்கிற 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) லைசென்ஸ் நம்பர் விக்கிறதுக்கு அனுமதி, மெலிய வைக்கும்ங்கிறதுக்கு சாட்சி இல்ல.

ஒண்ணு மட்டும் அழுத்தி சொல்றேன். வீட்டுல யாராவது கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறாங்கன்னா, டோஸ டாக்டர் கிட்ட மாத்தாம சோத்த நிறுத்திட்டு ஷேக் குடிக்கவே கூடாது. சுகர் தாழ்ந்து வேர்த்து, கை நடுங்கி, பேச்சு கொழறி விழுந்துருவாங்க. அப்படி ஆச்சுன்னா நெனவு இருக்கும்போதே சர்க்கரை தண்ணி குடுங்க, நெனவில்லன்னா வாயில எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்கு தூக்குங்க. இதையெல்லாம் எந்த கோச்சும் கேக்கமாட்டான்.

கேக்க வைக்க ஆளும் இல்ல. டயட்டீஷியன் மாதிரி வேலை பாக்குறவங்கள முறைப்படுத்த 2021லயே சட்டம் வந்தாச்சு, இன்னும் யாரு யாரோ 'டயட் எக்ஸ்பர்ட்'னு போர்டு மாட்டிக்கிறாங்க. ஆஸ்பத்திரிக்கு போனா முட்டுவலின்னாலும் சளின்னாலும் 'முதல்ல வெயிட்ட கொற'ன்னு க்யூவுல எல்லார் முன்னாடியும் சத்தம் போடுறாங்க, அதுக்கு பயந்துதான் பொம்பளைங்க சென்டருக்கு ஓடுறாங்க.

நீங்க ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர் காட்டுற ரத்த டெஸ்ட்), தைராய்டு, பிபி மூணும் பாத்துருங்க, அதுதான் வெயிட்ட விட முக்கியம். மரச்சீனியும் மீன்கறியும் அளவா தின்னுங்க, நேரத்துக்கு தூங்குங்க, சாயங்காலம் நடங்க. கல்யாண ப்ளவுஸ இன்னைக்கு இருக்கிற அளவுக்கே தைக்க குடுங்க, உள்தையல்ல ஒரு இஞ்சு கூடுதலா விடச் சொல்லுங்க.