மறு: மன்னார்குடி சம்பா மஞ்சளிப்பு – 40 காரணம் கொடுத்தால் நிரல் முடிவதே இல்லை

சம்பா நெற்பயிரின் மஞ்சளிப்புக்கு 40 காரணங்களில் எவை சேர்ந்தால் விளக்கம் ஆகும் என்று தேடும் உங்கள் நிரலில் பிழையில்லை. நீங்கள் கடைசியாகச் சேர்த்த மூன்று "சேர்ந்து வராது" விதிகள்தான் காரணம் (வயலில் தண்ணீர் தேக்கமும் வறண்ட காய்ச்சலும் ஒருசேர இராது என்பது போல). அதற்கு முன் எல்லாமே "இவை இருந்தால் இது" என்ற விதிகள். அவை மட்டும் என்றால், விளக்கம் உண்டா என்பதை நேர்கோட்டு நேரத்தில் (விதிகளின் அளவு கூடும் விகிதத்திலேயே கூடும் நேரத்தில்) சொல்லிவிடலாம். இப்படி விலக்கு விதி வந்தால் அதே கேள்வி பொதுவாக என்பி-முழுமை (NP-complete), அதாவது எல்லா உள்ளீட்டுக்கும் வேகமான வழி இதுவரை தெரியாத வகை. 40 காரணத்தின் உட்கணங்கள் சுமார் 1.1 லட்சம் கோடி. ஒவ்வொன்றாகப் பார்த்தால் குறுவையே வந்துவிடும்.

சோதிக்க: மூன்றையும் நீக்கி, 40 காரணமும் உண்மை என்று வைத்து விதிகளை முன்னோக்கி (காரணத்திலிருந்து விளைவுக்கு) ஓட்டுங்கள். மஞ்சளிப்பு வரவில்லையென்றால் விளக்கமே கிடையாது. வந்தால், விலக்கு ஜோடி ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தள்ளி 8 விதமாக ஓட்டுங்கள். மஞ்சளிப்பு வந்த ஓட்டத்தில் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். நீக்கியும் மஞ்சளிப்பு வந்தால் அது வேண்டாதது.

ஜோடியின் இரண்டும் காரணப் பட்டியலிலேயே இருந்தால்தான் இது செல்லும். மிஞ்சுவது மேலும் குறைக்க முடியாத விளக்கம், எண்ணிக்கையில் மிகச் சிறியது அல்ல. மிகச் சிறியதைத் தேடுவது விலக்கு விதி இல்லாமலே கடினம்.

"மஞ்சளித்தால் துத்தநாகக் குறை அல்லது துங்ரோ (நெல்லின் வைரஸ் நோய்)" என்று தலைகீழாக எழுதிய விதி இருந்தால் முதலில் அதைத் திருப்புங்கள். அப்படிப்பட்ட பொது விதிகளுக்குச் சிக்கல் இரண்டாம் சிக்மா படிக்கு (என்பி-யை விடக் கடினமாகக் கருதப்படும் படிக்கு) ஏறும் என்று கணினியியலாளர்கள் ஐட்டரும் காட்லாபும் 1995-லேயே நிறுவிவிட்டார்கள். சாட் சால்வரை (என்பி வகைத் தர்க்கக் கேள்விகளைத் தீர்க்கும் நிரலை) ஒருமுறை அழைத்தால் தீராது.