பேக்கேஜ் பணத்தை நம்பி ஸ்டுடியோவுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. சாலிகிராமத்தில் வாடகை வீடு. மனைவி, 3 வயது மகள். ஒரு தினசரி சீரியலுக்குப் பின்னணி இசை அமைப்பதில் மாதம் 60,000 ரூபாய், விளம்பர ஜிங்கிள்களில் வருடம் 4 லட்சம் வருகிறது. 2025-26இல் முதல் படமும் கிடைத்தது. 8 லட்சம் பேக்கேஜ், அதாவது என் சம்பளமும் ரெக்கார்டிங் செலவும் எல்லாம் அதற்குள்ளேயே. 5 லட்சம் வந்துவிட்டது, மீதி ரிலீஸின்போது. பாடகர்கள், வயலின் செஷன், மிக்ஸிங் என 5.4 லட்சம் செலவாகிவிட்டது. எல்லோரும் வரிக்காக முன்கூட்டியே 10% டிடிஎஸ் பிடிக்கிறார்கள். நான் வருமான வரி ரிட்டர்ன் போட்டதே இல்லை. கையில் 4 லட்சம் எஃப்டி இருக்கிறது. 12 லட்சம் பர்சனல் லோன் எடுத்து வீட்டிலேயே ஸ்டுடியோ போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம்.

படத்தின் கணக்கை முதலில் பாருங்கள். 8 லட்சம் என்ற எண் உங்கள் மனத்தில் சம்பளமாகப் பதிந்திருக்கிறது. வந்தது 5, போனது 5.4. அதாவது இதுவரை உங்கள் கைக்காசு 40,000 ரூபாய் உள்ளே போயிருக்கிறது. படம் பெட்டியிலேயே தூங்கினால் மீதி 3 லட்சமும் தூங்கும். பேக்கேஜ் என்பது தயாரிப்பாளரின் ரிஸ்க்கில் ஒரு பங்கை இசையமைப்பாளர் தலையில் ஏற்றும் முறை. புதிதாக வருகிறவர்கள் இதில் நொந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறுவதில்லை. அடுத்த படத்தில் கடைசித் தவணையை ரிலீஸோடு கட்டாதீர்கள். ரீ-ரெக்கார்டிங் முடிந்து ஃபைனல் மிக்ஸ் கொடுக்கும் அன்றே பாக்கி வர வேண்டும், அதன் பிறகே ட்ராக்குகள் கைமாறும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

12 லட்சத்துக்கு 14% வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 28,000. சீரியல் பணத்தில் கிட்டத்தட்டப் பாதி. டிஆர்பி சரிந்து திடீரென்று சுபம் போட்டுவிட்டால் தவணை எங்கிருந்து வரும்?

சரி, உங்களுக்கு வர வேண்டிய பணத்துக்கு வருவோம். 2025-26இன் மொத்த வரவு 16.2 லட்சம் (சீரியல் 7.2, ஜிங்கிள் 4, படம் 5), அதில் பிடித்த டிடிஎஸ் சுமார் 1.62 லட்சம். வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் சினிமா இசையமைப்பாளர்களும் வருகிறார்கள். வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், செலவுக் கணக்கைக் கேட்க மாட்டார்கள். உங்களுக்கு அது 8.1 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் வரியே இல்லை. பிடித்த தொகை முழுவதும் ரீஃபண்டாக வரும். சீரியல், விளம்பர வேலையை இந்தப் பிரிவில் சேர்ப்பது பற்றி ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய வருடங்களின் ரீஃபண்டுக்குத் தாமத மன்னிப்பு கேட்டு விண்ணப்பிக்கும் வழியையும் அவரிடமே கேளுங்கள். இன்னொரு படம் வந்து வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமாகும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: ராயல்டி. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்தோடு சேர்ந்து தியேட்டரில் ஓடுவதைத் தவிர, டிவி, ரேடியோ, ஓடிடி என்று எங்கே உங்கள் இசை பயன்பட்டாலும் ராயல்டியில் சம பங்கு உங்களுக்கு உண்டு. "எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதி வாங்கியிருந்தாலும் இந்தப் பங்கைப் பறிக்கும் வாசகம் செல்லாது. சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை எழுதித்தர முடியும். இசைக்கான பதிப்புரிமை உங்கள் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும். உங்கள் மகளுக்கு நீங்கள் சேர்க்கும் சொத்து இது.

இதை வசூலித்துத் தருவது மும்பையில் இருக்கும் ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கம். உறுப்பினராகச் சேர்ந்ததும் ஒவ்வொரு படைப்பையும் பதிவு செய்யுங்கள். சீரியலுக்கு க்யூ ஷீட் தயாரியுங்கள்: எந்த எபிசோட், எந்தக் காட்சி, எத்தனை நிமிடம் எத்தனை விநாடி, இசை யாருடையது. நாயகியின் தீம், மாமியார் வரும்போது அடிக்கும் அந்த நான்கு விநாடி ஸ்ட்ரிங்ஸ், எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். சலிப்பான வேலைதான். உடனே பெரிய தொகையும் வராது. ஆனால் இன்றைக்கு எழுதி வைக்காததைப் பத்து வருடம் கழித்துத் தோண்டி எடுப்பது மிகக் கஷ்டம்.

அப்புறம், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை இலவசமாகவே செய்துகொள்ளலாம். அது இருந்தால், ஒப்பந்தத்தில் அதிக நாள் போட்டிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஜிங்கிளுக்கு ஆறு மாதம் இழுத்தடிக்கும் ஏஜென்சிகளிடம் இது வேலை செய்யும்.

எஃப்டியைத் தொடாதீர்கள், சீரியல் நின்றால் குடும்பம் ஓடுவதற்கு அதுதான் கைகொடுக்கும். டேர்ம் இன்ஷூரன்ஸும் குடும்பத்துக்கு மெடிக்கல் பாலிசியும் இந்த மாதமே எடுங்கள். ரீஃபண்ட் வந்ததும் அந்தப் பணத்தில் ஒரு நல்ல மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், படுக்கையறைச் சுவருக்கு அகூஸ்டிக் பேனல் வாங்கினால் சீரியலும் ஜிங்கிளும் வீட்டிலேயே முடியும். லைவ் வயலின் வேண்டிய நாளில் மட்டும் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுங்கள். இரண்டு வருட ரிட்டர்ன் கையில் சேர்ந்த பிறகு, பெரிய ஸ்டுடியோ தேவைப்பட்டால் பர்சனல் லோனை விட்டுவிட்டு முத்ரா போன்ற தொழில் கடனுக்கு வங்கியில் விண்ணப்பியுங்கள்.