கோப்புகளை அடுக்கும் ஏஐ முகவருக்கு எங்கே எல்லை போடுவது?

கணினிக் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலையை ஏஐ முகவர்களிடம் (சொன்ன வேலையைக் கணினியில் தாமே செய்துமுடிக்கும் ஏஐ மென்பொருள்களிடம்) ஒப்படைக்க விரும்புவோர் கேட்ட கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: பில்களை ஆண்டுவாரியாகப் பிரிக்கும்போது "எதையும் அழிக்காதே" என்று முகவருக்கு எழுதிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அது ஒரு வேண்டுகோள்தான். முகவரை இயக்கும் ஏஐ மாடல் அதைப் பெரும்பாலும் மதிக்கும் என்றாலும், மீறினால் தடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. தடை என்பது மாடலின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளுடன் இணைக்கும் எம்சிபி நெறிமுறையின் ஃபைல்சிஸ்டம் சர்வரை (கோப்புகளைக் கையாளும் கருவிகளை முகவருக்குத் தரும் நிரலை) தொடங்கும்போதே அனுமதிக்கப்பட்ட ஃபோல்டர்களைக் குறிப்பிடலாம். அவற்றுக்கு வெளியே செல்லும் கோரிக்கையைச் சர்வரே மறுத்துவிடும்.

கேள்வி: அந்தச் சர்வரில் அழிக்கும் கருவியே இல்லை என்கிறார்களே, பிறகு என்ன ஆபத்து?

பதில்: கோப்புகள் அழிப்பதால் மட்டும் தொலைவதில்லை. அதே சர்வரின் எழுதும் கருவி, ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் கேட்காமலே எழுதிவிடும். முகவருக்கு டெர்மினல் அனுமதியும் (கணினிக்கு நேரடியாகக் கட்டளையிடும் அனுமதியும்) கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். லினக்ஸில் "பில்கள்" என்ற ஃபோல்டரை உருவாக்கும் கட்டளை தோற்றுப்போனதை முகவர் கவனிக்காமல் கோப்புகளை ஒவ்வொன்றாக அங்கே நகர்த்தினால், முதல் கோப்பின் பெயரே "பில்கள்" என்று மாறிவிடும். இரண்டாவது கோப்பு அதன் மேல் விழும், மூன்றாவது அதன் மேல் விழும், கடைசியில் ஒரே ஒரு கோப்புதான் மிஞ்சும். ஆகவே ஃபோல்டர் உண்மையில் உருவானதா என்று பார்த்த பிறகே நகர்த்த வேண்டும். சேருமிடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் நகர்த்தாமல் நின்றுவிடும் கருவியையே முகவருக்குக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஃபோல்டர் எல்லையை மட்டும் நம்பி இருக்கலாமா?

பதில்: இருக்கக் கூடாது. மேற்சொன்ன சர்வரிலேயே 2025இல் இரண்டு ஓட்டைகள் வெளிவந்து அடைக்கப்பட்டன. பாதையின் தொடக்க எழுத்துகள் ஒத்துப்போனாலே அனுமதித்ததால், அனுமதித்த ஃபோல்டரின் பெயரில் தொடங்கும் பக்கத்து ஃபோல்டருக்குள்ளும் நுழைய முடிந்தது. சிம்பாலிக் லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) வழியாக வெளியே போகவும் முடிந்தது. எனவே முகவரைத் தனி யூசர் கணக்கிலோ டாக்கர் கன்டெய்னரிலோ (கணினியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்த தனிச்சூழலிலோ) ஓட்டி, மூலக் கோப்புகளைப் படிக்க மட்டும் அனுமதித்து, நகல்களின் மீது வேலை செய்ய விடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு செயலுக்கும் ஒப்புதல் கேட்டால் சலிப்பாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நூறு முறை கேட்டால் யாரும் படிக்காமல்தான் "சரி" என்பார்கள், அதைக் காவல் என்று நான் கருதவில்லை. எந்தக் கோப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்ற முழுப் பட்டியலை முகவர் முதலில் தரட்டும். நீங்கள் படித்து ஒப்புக்கொண்ட பட்டியலை ஒரு சிறிய ஸ்கிரிப்ட் (கட்டளை நிரல்) அப்படியே நிறைவேற்றட்டும். அந்தப் பட்டியலைப் பத்திரப்படுத்தினால், பின்னிருந்து முன்னாகச் செய்து பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும்.

கேள்வி: மேகச் சேமிப்புடன் ஒத்திசைத்திருக்கிறேன். அது பேக்கப் ஆகாதா?

பதில்: ஆகாது. இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். முகவரால் தொட முடியாத தனி நகல் ஒன்று வேண்டும்.

கேள்வி: பிடிஎஃப் கோப்புகளைத் திறந்து படித்துப் பிரிக்கச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், ஆனால் கோப்புக்குள் யாரோ எழுதிவைத்த கட்டளையை முகவர் உங்கள் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே வெளியிலிருந்து வந்த கோப்புகளைப் படிக்கும் முகவருக்கு, மாடலுடன் பேசும் வழியைத் தவிர வேறு இணையத் தொடர்போ மின்னஞ்சல் கருவியோ கொடுக்காதீர்கள்.